மைனரிஸ் தெருவில் கிடைத்த சிறுமி

என் அலுவலகம் லண்டனில் ஆல்ட்கேட் பக்கம். மத்தியானம் டப்பாச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தால் இருபது நிமிஷம் மிச்சமிருக்கும். அந்த இருபது நிமிஷமும் நடை. மைனரிஸ் என்று ஒரு தெரு, ஆல்ட்கேட்டிலிருந்து டவர் கோட்டைப் பக்கமாகப் போகிறது. பஸ், லாரி, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். அதிலிருந்து செயின்ட் கிளேர் தெரு என்று ஒரு சின்னச் சந்து பிரியும். முதல் வருஷம் முழுக்க இந்த இரண்டு பெயர்ப்பலகைகளையும் படித்துக்கொண்டேதான் கடந்து போனேன். ஏன் இந்தப் பெயர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மைனரஸ் என்றால் செயின்ட் கிளேர் சபைக் கன்னியாஸ்திரி. அவர்களுடைய மடம் இங்கேதான் இருந்தது. 1964 டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை. இந்தப் பக்கத்தில் கட்டட வேலைக்காக மண் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் பூமிக்கடியில் இருந்த ஒரு கல்லறை அறையை உடைத்துத் திறந்துவிட்டது. உள்ளே ஈயத்தால் செய்த ஒரு பெட்டி. சின்னப் பெட்டி. அதன் மேல் பதித்திருந்த தகட்டில் லத்தீன் எழுத்துகள்.

அதில் எழுதியிருந்தது ஏறக்குறைய இதுதான்: நார்ஃபக் டியூக்காக இருந்த ஜானின் மகளும் வாரிசுமான, யார்க் டச்சஸ் ஆன் இங்கே கிடக்கிறாள். தந்தை ஜானுக்கு இருந்த பட்டங்கள் அடுத்து வரிசையாக வருகின்றன: நாட்டிங்ஹாம் ஏர்ல், வாரன் ஏர்ல், இங்கிலாந்தின் மார்ஷல், மோப்ரே, செக்ரேவ், கோவர் பிரபு. பிறகு அவள் யாருக்கு மனைவி என்று: மாமன்னர் நாலாம் எட்வர்டின் இரண்டாவது மகன், யார்க் டியூக் ரிச்சர்டின் மனைவி. அப்புறம் மாமனாரின் பட்டங்கள். கடைசியில் கிரீனிச்சில் 1481 நவம்பர் 19ஆம் தேதி இறந்தாள் என்று. அத்தனை நீளமான வாசகத்தில் அவளுக்கு வயது என்ன என்று மட்டும் இல்லை.

எட்டு வயது பதினொரு மாதம். இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் ஒன்பது முடிந்திருக்கும்.

என் மகளுக்கும் இப்போது எட்டு வயது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் படித்த விதத்துக்கு அதுதான் காரணம்.

ஆன் மோப்ரே 1472 டிசம்பர் 10ஆம் தேதி, சஃபக் பகுதியில் உள்ள ஃப்ராம்லிங்கம் கோட்டையில் பிறந்தாள். பதின்மூன்று கோபுரங்களும் வட்டமாகச் சூழ்ந்த மதிலுமாக அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. அப்பா, நார்ஃபக்கின் நாலாவது மோப்ரே டியூக். அம்மா எலிசபெத் டால்பட், பிரெஞ்சுப் போர்களில் பெயர் எடுத்த ஷ்ரூஸ்பரி ஏர்ல் ஜான் டால்பட்டின் மகள். இவர்கள் இரண்டு பேருக்கும் 1448 நவம்பருக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. அப்போது அப்பாவுக்கு நாலு வயது. அம்மாவும் கிட்டத்தட்ட அதே வயதுக் குழந்தை. அதற்குப் பிறகு இருபத்து நாலு வருஷம் கழித்துத்தான் ஆன் பிறக்கிறாள். நம் ஊரில் என்றால் கோயில் கோயிலாக ஏறி இறங்கி வரம் வாங்கிப் பெற்ற பிள்ளை என்று சொல்வார்கள். அப்படித் தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை.

அவளுக்கு மூன்று வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1476 ஜனவரியில் ஒரு நள்ளிரவு ஃப்ராம்லிங்கத்தில் அப்பா திடீரென்று செத்துப்போனார். முப்பத்தொரு வயது. நோய் என்று படுத்த ஆள் இல்லை. அப்போது அங்கே இருந்தவர் சர் ஜான் பாஸ்டன். பாஸ்டன் குடும்பத்தின் கடிதங்கள் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காலத்து வீட்டு விஷயங்கள் நமக்குத் தெரிய வருவதே பெரும்பாலும் அவற்றால்தான். அவர்களுடைய கெய்ஸ்டர் கோட்டையை 1469இல் இதே டியூக் முற்றுகையிட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். டியூக் இறந்த கையோடு சர் ஜான் தம் கோட்டையைக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்த வருஷமே கெய்ஸ்டர் அவர்கள் கைக்கு வந்தும் விட்டது. சாவு வீட்டில் விளக்கு அணைவதற்குள் அவரவர் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்பது எல்லா ஊரிலும் உண்டு. பாஸ்டனுக்கு ஒரு கோட்டை. அரசருக்கு அதைவிடப் பெரியது ஒன்று வேண்டியிருந்தது.

அரசர் நாலாம் எட்வர்ட். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவனுக்கு ராஜ்ஜியம் இருக்கிறது. இளையவன் ரிச்சர்ட், 1473 ஆகஸ்டில் பிறந்தவன். அவனுக்குப் பட்டம் கொடுக்கலாம், ஆனால் பட்டத்துக்கு ஏற்ற நிலம் வேண்டுமே. அரசருடைய சொந்த நிலத்தில் கை வைத்தால் கஜானா மெலியும். அந்த நேரத்தில் இங்கிலாந்தின் மிகப் பெரிய சொத்துகளில் ஒன்று, மூன்று வயதுப் பெண் குழந்தையின் பெயருக்கு வந்து நிற்கிறது. அன்றைய சட்டப்படி, அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் வயதுக்கு வராத வாரிசை விட்டுப் போனால் அந்த வாரிசு அரசரின் காவலுக்குள் வரும். நிலத்தின் வருமானமும் அரசர் பொறுப்பு. குழந்தைக்கு யாரைக் கட்டிவைப்பது என்ற உரிமையும் அரசருடையதே. அந்த உரிமையை விற்கலாம், வாங்கலாம், பரிசாகவும் கொடுக்கலாம். எட்வர்ட் யாருக்கும் விற்கவில்லை. தம் மகனுக்கே வைத்துக்கொண்டார்.

அவசரத்தைப் பாருங்கள். 1476 ஜூனில் மகனுக்கு நாட்டிங்ஹாம் ஏர்ல் பட்டம். 1477 பிப்ரவரியில் நார்ஃபக் டியூக், வாரன் ஏர்ல் பட்டங்கள். எல்லாம் ஆனின் அப்பா வைத்திருந்தவை. கல்யாணம் நடந்தது 1478 ஜனவரி 15. தாலி ஏறுவதற்கு ஒரு வருஷம் முன்பே பெண் வீட்டுப் பெயர் முழுவதும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இங்கே உறவுமுறையைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்தால் 'தூரத்துச் சொந்தம்' என்ற அளவில் அது கடந்து போய்விடுகிறது. தமிழில் போட்டால் வேறு மாதிரி விழுகிறது. ரிச்சர்டின் அப்பாவைப் பெற்றவர் செசிலி நெவில். ஆனின் தாத்தாவைப் பெற்றவர் காத்தரின் நெவில். செசிலியும் காத்தரினும் அக்கா தங்கை. அக்கா தங்கை மக்கள் நமக்கு அண்ணன் தம்பி. ஆக, எட்வர்டும் ஆனின் தாத்தாவும் அண்ணன் தம்பி முறை. அவர்கள் பிள்ளைகளான ரிச்சர்டும் ஆனின் அப்பாவும் அண்ணன் தம்பி முறை. அப்படியானால் நாலு வயது ரிச்சர்ட், ஐந்து வயது ஆனுக்கு என்ன ஆகிறான்? சித்தப்பா.

இதைக் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். "அட பாவிகளா, மகள் முறையாச்சேடி!" என்றார். அம்மாவுக்கு எட்வர்டையும் தெரியாது, நெவில் குடும்பத்தையும் தெரியாது. முறை தெரியும்.

அவர்கள் திருச்சபைக்கும் இது ஆகாதுதான். அங்கே அத்தை பெண், மாமன் பெண் என்ற பேதமெல்லாம் கிடையாது. நாலு தலைமுறைக்குள் ரத்தம் கலந்திருந்தாலே தடை. போப் தனி அனுமதி கொடுத்தால் தடை நீங்கும். அரசர் கேட்டால் அனுமதி வராமல் இருக்குமா?

காத்தரின் நெவிலைப் பற்றி இங்கே சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. ஆனின் கொள்ளுப்பாட்டி. அவருக்குக் கல்யாணம் ஆன 1412இலும் கதை இதேதான். மாப்பிள்ளைப் பையன் அப்பாவை இழந்த மோப்ரே வாரிசு. அவனுக்குக் கட்டிவைக்கும் உரிமையை காத்தரினின் அப்பா விலைக்கு வாங்கித் தம் பெண்ணைக் கொடுத்தார். 1432இல் அந்தக் கணவர் இறந்தார். விதவைக்கு உரிய பங்கு நிலம் அன்றிலிருந்து காத்தரின் கையில். பிறகு இரண்டு கல்யாணம். 1465இல், அறுபத்தைந்து வயதை ஒட்டி, நாலாவதாக அவருக்குக் கட்டிவைத்தது அரசி எலிசபெத் உட்வில்லின் தம்பியை. அந்தப் பையனுக்கு இருபது வயது. அதைப் பதிவு செய்த ஒருவர் 'பேய்க் கல்யாணம்' என்றே லத்தீனில் எழுதிவைத்தார். அரசியின் தம்பிக்குச் சொத்து வேண்டும், கிழவியிடம் சொத்து இருக்கிறது, அவ்வளவுதான். நாலு வருஷத்தில் அந்தப் பையனைத் தலை வெட்டிவிட்டார்கள். காத்தரின் இருந்தார். 1483இலும் உயிரோடு இருந்தார். கொள்ளுப்பேத்திக்கு ஐந்து வயதில் கல்யாணம் ஆனபோதும் இருந்தார், அவள் செத்தபோதும் இருந்தார். ஒரு குடும்பத்தில் கிழவியும் குழந்தையும் ஒரே காரணத்துக்காகக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

கல்யாணம் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள் இருந்த செயின்ட் ஸ்டீஃபன் ஆலயத்தில் நடந்தது. யார் எங்கே நின்றார்கள், யார் எந்தக் கையைப் பிடித்தார்கள் என்பது வரை எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது. அரசியின் அறையிலிருந்து ஆனை அழைத்துவந்தார்கள். ஒரு பக்கம் அரசியின் சகோதரர் ரிவர்ஸ் ஏர்ல், மறு பக்கம் அரசரின் சகோதரி மகன் லிங்கன் ஏர்ல். ஐந்து வயதுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். என் மகளை ஐந்து வயதில் இரண்டு கையும் பிடித்து நடத்தினால் நடுவில் காலைத் தூக்கி ஊஞ்சலாடுவாள். ஆன் அப்படிச் செய்திருக்க மாட்டாள். ஆலயத்துக்குள் நீலத் துணியில் தங்க லில்லிப் பூக்கள் போட்ட விரிப்புகள். தங்கத் துணி விதானத்தின் கீழே அரசர், அரசி, இளவரசன், அரசரின் தாய் செசிலி, இளவரசிகள்.

வாசலில் ஒரு நாடகம். பெண் வந்ததும் ஒரு குரு முன்னால் வந்து, இவர்கள் இருவரும் நெருங்கிய ரத்தம், போப்பின் அனுமதி இல்லாமல் உள்ளே விட முடியாது என்று தடுக்கிறார். உடனே அனுமதி ஆணையை எடுத்துக் காட்டி வாசிக்கிறார்கள். வழி விடுகிறார். நம் வீடுகளில் மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் காசி யாத்திரை கிளம்புவார், பெண்ணின் அப்பா போய் மறிப்பார், முடிவு எல்லாருக்கும் தெரியும், அது போலத்தான்.

அடுத்தது, பெண்ணை யார் கொடுப்பது என்று ஆயர் கேட்கிறார். அப்பா இல்லை. அரசர் முன்வந்து கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பாவே பெண்ணைத் தாரை வார்த்துத் தம் மகனுக்குக் கொடுத்தார். கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒரே வீடு. அந்தக் குறிப்பில் நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் இதுதான்.

வெளியே கூட்டத்துக்குத் தங்கக் காசும் வெள்ளிக் காசும் இறைத்தார்கள். இறைத்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா, க்ளாஸ்டர் டியூக் ரிச்சர்ட். விருந்துக்கு ஆனை அழைத்துப் போனவர்களில் அவரும் ஒருவர். ஒரு வாரம் கழித்து வீரர்கள் குதிரையேறி ஈட்டிப் போட்டி ஆடினார்கள். விழாவின் இளவரசி ஆன். வென்றவர்களுக்குத் தங்கத்தில் செய்த எழுத்துகள் பரிசு.

மாப்பிள்ளையின் இன்னொரு சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. கிளாரன்ஸ் டியூக் ஜார்ஜ் அப்போது டவர் கோட்டையில் அடைபட்டிருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள், ஜனவரி 16, பாராளுமன்றம் கூடியது. பிரபுக்கள் எல்லாம் எப்படியும் லண்டனுக்கு வந்தாக வேண்டிய வாரம் அது. அந்தப் பாராளுமன்றம் கிளாரன்ஸுக்கு ராஜதுரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதித்தது. பிப்ரவரி 18 அன்று அது நிறைவேறியது. அண்ணன் தம்பியைக் கொன்றான் என்று இந்தக் கூட்டத்தொடரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதே கூட்டத்தொடர் செய்த இன்னொரு வேலைக்குத்தான் நான் வருகிறேன்.

சட்டம் கொஞ்சம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிலத்தோடு ஒரு பெண் கல்யாணம் ஆகி வருகிறாள். அவள் செத்தால் நிலம் யாருக்கு? ஆங்கிலப் பொதுச் சட்டப்படி, அவர்களுக்கு ஒரு குழந்தை உயிரோடு பிறந்திருந்தால், அந்தக் குழந்தை பிறகு இறந்துபோனாலும், கணவன் தன் ஆயுள் வரைக்கும் நிலத்தை அனுபவிக்கலாம். உயிரோடு பிறந்ததற்குச் சாட்சி என்ன? நாலு சுவருக்குள் அதன் அழுகைக் குரல் கேட்டிருக்க வேண்டும் என்பது பழைய விதி. குழந்தை இல்லையென்றால் நிலம் அவள் பிறந்த வீட்டு ரத்தத்துக்கே திரும்பிப் போகும். கணவனுக்கு ஒரு பிடி மண் கிடையாது.

திருச்சபைச் சட்டமும் குறுக்கே நின்றது. பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்குப் பதினாலு வயது ஆகும்போதுதான் சம்மதம் சம்மதமாகும். ஏழு வயதுக்கு முன்னால் நடந்த கல்யாணத்துக்கு உறுதியே கிடையாது. வயது வந்ததும் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இரண்டு பேருக்கும் உண்டு.

அரசருக்கு இது எல்லாம் தெரியும். குழந்தைகள் எவ்வளவு சுலபமாகச் செத்துப்போகும் என்பதும் தெரியும். ஆன் பன்னிரண்டு வயது வரை இருந்து, சம்மதம் சொல்லி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை நாலு சுவருக்குள் அழுது... அத்தனைக்கும் அவர் காத்திருக்கத் தயாராக இல்லை. பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆன் பிள்ளை இல்லாமல் இறந்தாலும், மோப்ரே நிலம் ரிச்சர்டிடமே அவன் ஆயுள் முழுக்க இருக்கும் என்று.

கல்யாண விருந்தின் மிச்சம் காய்வதற்குள் பெண் செத்தால் என்ன செய்வது என்று எழுதி, முத்திரை குத்தி வைத்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சைப் பிசைவது இதுதான். குழந்தைக் கல்யாணம் அந்த உலகத்தில் வழக்கம், ஆனின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது, அதை வைத்து மட்டும் எட்வர்டைத் திட்ட நான் வரவில்லை. ஆனால் மற்ற கல்யாணங்களில் பெண் உயிரோடு இருந்தால்தான் சொத்து என்ற ஒரு கட்டு இருந்தது. அவளை நன்றாக வைத்துக்கொள்ள, வைத்தியம் பார்க்க, ஊட்டி வளர்க்க, பேராசை பிடித்த மாமனாருக்குக்கூட ஒரு காரணம் இருந்தது. அந்தக் கட்டை அவிழ்த்தது இந்தச் சட்டம். அவளை யாரும் கொடுமைப்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அப்போது அவளுக்கு வயது ஐந்து.

இதில் வயிறு எரிந்தவர்கள் இரண்டு பேர். ஆன் வாரிசில்லாமல் இறந்தால் நிலம் யாருக்குப் போயிருக்க வேண்டுமோ அவர்கள்: வில்லியம் பார்க்லி, ஜான் ஹாவர்ட். இரண்டு பேரும் முதல் மோப்ரே டியூக்கின் மகள் வயிற்றுப் பேரன்கள். பார்க்லி கடனில் மூழ்கிக் கிடந்தவர். கடனை அரசர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் தம் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். ஹாவர்டுக்கு ஒன்றும் தரவில்லை. எட்வர்டுக்கு ஆயுள் முழுக்க உழைத்த ஆள் அவர். வாயைத் திறக்காமல் மனதில் வைத்துக்கொண்டார்.

ஆனின் அம்மாவிடமும் கை வைத்தார்கள். விதவைப் பங்காக அவருக்கு வர வேண்டிய நிலத்தில் ஒரு பகுதியை மருமகனுக்காக விட்டுக்கொடுக்க வைத்தார்கள். கொடுத்தார். வேறு என்ன செய்திருக்க முடியும்?

அதன் பிறகு கிட்டத்தட்ட நாலு வருஷம். 1481 நவம்பர் 19 அன்று கிரீனிச் அரண்மனையில் ஆன் இறந்தாள். உடலை மூன்று படகுகளோடு தேம்ஸ் ஆற்று வழியாக வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். இறுதிச் சடங்குக்கு அரசர் செலவழித்தது 215 பவுண்டுக்கு மேல். அன்றைக்கு அது பெரிய தொகை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரசி கட்டுவித்த செயின்ட் எராஸ்மஸ் சிற்றாலயத்தில் அடக்கம். எல்லாம் குறையில்லாமல் செய்தார்கள். 1483 ஜனவரியில் பாராளுமன்றம் கூடியபோது நிலத்தை ரிச்சர்டுக்கும் அவன் வாரிசுகளுக்கும் நிரந்தரமாக ஆக்கினார்கள். எட்டு வயதில் எட்டு வயது மனைவியை இழந்த பையன், அவளுடைய குடும்பத்தின் நிலத்துக்கு முழு எஜமான் ஆனான்.

மூன்று மாதத்தில் எட்வர்ட் இறந்தார். அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. ஜூன் 16 அன்று அடைக்கலமாக இருந்த இடத்திலிருந்து ரிச்சர்டை அவன் தாயிடமிருந்து வாங்கி, டவர் கோட்டையில் இருந்த அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கல்யாணத்தில் காசு இறைத்த சித்தப்பா ஜூன் 26 அன்று மூன்றாம் ரிச்சர்டாக அரசராகிறார். பையன்கள் இருவரும் அந்தக் கோடையோடு கண்ணில் படவே இல்லை.

ஜூன் 28ஆம் தேதி, அதாவது அரியணை ஏறிய மூன்றாம் நாள், நார்ஃபக் டியூக் பட்டம் ஜான் ஹாவர்டுக்குப் போனது. பார்க்லிக்கு நாட்டிங்ஹாம் ஏர்ல். அந்தப் பட்டங்களைத் தாங்கிய சிறுவனை அதற்குள் ஆள் இல்லாதவனாகக் கணக்கெழுதிவிட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுட்டிக்காட்டுவதுண்டு. ஹாவர்ட் இரண்டு வருஷத்தில் பாஸ்வொர்த் போரில் அதே அரசருக்காகச் செத்தார். இன்றைக்கும் நார்ஃபக் டியூக் ஹாவர்ட் குடும்பம்தான்.

எட்வர்டின் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் என்று ஒதுக்க மூன்றாம் ரிச்சர்ட் தரப்பு சொன்ன காரணம் ஒன்று: எட்வர்ட் அரசியைக் கட்டுவதற்கு முன்பே வேறொரு பெண்ணுக்குக் கல்யாண வாக்குக் கொடுத்திருந்தார் என்று. அந்தப் பெண் எலினார் டால்பட். ஆனுடைய அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. 1468இலேயே இறந்துவிட்டவர். தன் அக்காவுக்கு அந்த அரசரோடு என்ன இருந்தது என்று தங்கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால், மகளை அந்த அரசர் மகனுக்கே கொடுத்த அன்று அவர் மனதில் என்ன ஓடியது? எலிசபெத் டால்பட் எனக்கு விளங்குவதே இல்லை. விளங்காததாலேயே அவரை விட்டு என்னால் விலக முடியவில்லை.

அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் வந்து தங்கிய இடம்தான் மைனரிஸ். கன்னியாஸ்திரி ஆகவில்லை, மடத்து வளாகத்துக்குள் ஒரு வீடு. அந்தக் கலவர வருஷங்களில் வேண்டியவர்களைப் பறிகொடுத்த வேறு சில பெண்களும் கூட இருந்தார்கள்.

பாஸ்வொர்த்தில் வென்று அரசரான ஏழாம் ஹென்றி வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு புது ஆலயம் கட்டக் கிளம்பினார். இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கிறார்களே, கல்லில் சரிகை நெய்தது போன்ற கூரை, அதேதான். அதற்காகப் பழைய சிற்றாலயங்களை இடித்தார்கள். ஆன் படுத்திருந்த செயின்ட் எராஸ்மஸ் அதில் ஒன்று. 1502ஐ ஒட்டி அந்த ஈயப் பெட்டி வெளியே வந்தது. கணவனும் இல்லை, கணவன் வீட்டு அரசும் இல்லை. பெட்டி மைனரிஸ் மடத்துக்கு வந்து சேர்ந்தது. இருபது வருஷம் கழித்து மகள் அம்மாவிடம் வந்தாள். அப்போது எலிசபெத்துக்கு ஏறக்குறைய அறுபது வயது. நாலைந்து வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். தன்னை அந்த மடத்திலேயே அடக்கம் செய்யச் சொல்லி உயில் எழுதியிருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் மூடியபோது, 1539இல், இதையும் மூடினார்கள். மேலே வீடு வந்தது, கிடங்கு வந்தது, ரோடு வந்தது.

1964இல் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் விஞ்ஞானிகள். வயதுக்குச் சின்ன உடம்பு. தலைமுடி அப்படியே இருந்தது, செம்பழுப்பு நிறம். ஐந்நூறு வருஷ எழுத்தில் யாரும் எழுதாத விஷயம் அது. வாசகத்தில் இல்லை, கல்யாணக் குறிப்பில் இல்லை, சட்டத்தில் இல்லை. பல் வைத்தியர் ஒருவர் தாடையைப் பார்த்தார். நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் சில அவளுக்கு உருவாகவே இல்லை, பிறவியிலேயே அப்படி. டவர் கோட்டைப் படிக்கட்டின் கீழே 1674இல் கிடைத்த இரண்டு சிறுவர்களின் எலும்புகளோடு இந்தப் பல் வரிசையை ஒப்பிட்டு, அவர்கள் உறவா இல்லையா என்று ஆராய்ந்தார்கள். அந்த விவாதம் முடியவில்லை. அங்கேயும் அவளைத் தேடியவர்கள் அவளுக்காகத் தேடவில்லை, கணவனைக் கண்டுபிடிக்கத் தேடினார்கள்.

அந்தப் பற்களைப் பற்றிப் படித்த வாரம் என் மகளுக்கு மேல் வரிசையில் ஒரு பல் விழுந்தது. நான் சின்னவளாக இருந்தபோது பாட்டி சாணி உருண்டைக்குள் பல்லை வைத்துக் கொடுப்பார், ஓட்டுக் கூரைமேல் எறிவோம். இங்கே சாணியும் இல்லை, கூரையும் என்னுடையதில்லை. பல்லைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பல் விழுந்த சந்தில் புதுப்பல்லின் ரம்ப விளிம்பு வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. எட்டு வயது வாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி பால்பல், பாதி பெரிய பல், சிரித்தால் ஒரு ஓட்டை. அந்த வாயோடுதான் அவள் போனாள்.

ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1965 ஜனவரியில், மோப்ரே பட்டத்தை அன்றைக்குத் தாங்கியிருந்த பிரபு, இது முறையா என்று பிரபுக்கள் சபையில் ஆட்சேபித்தார். கடைசியில் 1965 மே 31 அன்று, மரியாதையோடு, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஏழாம் ஹென்றியின் ஆலயத்தில், டவர் எலும்புகள் வைத்திருக்கும் பளிங்குத் தாழிக்குப் பக்கத்தில். கணவன் அருகே மனைவி என்று எண்ணியிருப்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

என்னைக் கேட்டிருந்தால் மைனரிஸிலேயே விட்டிருப்பேன். அவளுடைய சாவுக்குப் பிறகு அவளைத் தேடி ஒருவர் இருந்த இடம் அது ஒன்றுதான். 1478இல் அவளை அம்மாவிடமிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். 1965இலும் அதையே செய்தார்கள்.

போன மாதம் பள்ளி விடுமுறையில் மகளை அலுவலகப் பக்கம் கூட்டிவந்திருந்தேன். செயின்ட் கிளேர் தெரு முனையில் நின்று கதையைச் சொன்னேன், அவளுக்குச் சொல்லக்கூடிய அளவுக்கு. கேட்டுவிட்டு, "அவளுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருந்ததாம்மா?" என்றாள். அவளுக்கு முக்கியமான கேள்வி அது. கிரீனிச்சில் நதியோரம் ஒரே வயதில் இரண்டு குழந்தைகள், ஒன்றாக விளையாடியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். "ஃபிரண்ட்ஸா இருந்திருப்பாங்க" என்றேன். சரி என்று தலையாட்டினாள். பிறகு தரையைப் பார்த்து, இங்கேதானா, இந்த இடத்திலா என்று கேட்டுக் காலை எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டாள்.